குடிநீர் என்று எழுதப்பட்ட குப்பைத் தொட்டி

நான் போய்ச் சேர்ந்தபோது பெயின்டர் 'குடிநீ' வரை எழுதி முடித்திருந்தார்.

ஏணியின் மேல் நின்றிருந்தார். வாயில் ஒரு பிரஷ், கையில் ஒரு பிரஷ். ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம், நல்ல நீலம். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்த தொட்டியின் உச்சியிலிருந்து மார்கழிக் குளிரில் வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

"என்ன எழுதுறீங்க?" என்றேன்.

வாயிலிருந்த பிரஷ்ஷை எடுத்தார். "குடிநீர், டீச்சர். இன்னும் ஒரு எழுத்துதான்."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தண்ணி."

"ஆவி வருதே?"

அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "வெந்நியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு 'ர்' எழுதி, அதன் தலையில் புள்ளியும் வைத்துவிட்டு இறங்கினார்.

உள்ளே இருந்தது கார்த்திகை முகூர்த்தங்களின் எச்சில் இலை. கூடவே காய்கறி மார்க்கெட்டின் அழுகல், வைக்கோல், சாணிக் கரைசல். எல்லாம் சேர்ந்து எருவாக வெந்துகொண்டிருந்தன. அந்தத் தொட்டி என் கண்டுபிடிப்பு. இந்தப் பத்திரிகைப் பகுதியில் என் பாலிடெக்னிக் வேலையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், தொட்டிக் கதை எங்கே என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கதை வேறு மாதிரி தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வீடு

தஞ்சாவூருக்குக் கிழக்கே பஸ் நின்று போகும் ஒரு சின்னப் பேரூர் எங்களுடையது. பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

எங்கள் வீடு கல்யாண மண்டபத்துக்கு நேர் பின்னால். வாங்கும்போது நல்ல இடமாகத்தான் பட்டது. முகூர்த்த நாளில் காலையில் நெய் வாசம் வரும், மத்தியானம் சாம்பார் வாசம் வரும். அடுத்த நாள் ஒன்றும் வராது. அதற்கடுத்த நாள் வரும் பாருங்கள், அதற்குத் தமிழில் பெயர் இல்லை.

என் கணவர் செல்வம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீட்டுக்கு வரும் வாடிக்கையாளர்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்துப் பாலிசி பேசியவர். "இந்த வாடையில உட்கார்ந்தா யாருக்கும் உயிர் மேல பயம் வந்துரும், தானா கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்பார். ஆனாலும் வீடு வாங்கியது என் யோசனை என்பதை வாரத்துக்கு ஒரு தரம் நினைவுபடுத்தாமல் இருக்க மாட்டார்.

மண்டபத்து இலையெல்லாம் வாய்க்கால் கரையில்தான் கொட்டப்படும். மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் நாளில், பூப் போட்டு வரவேற்க ஆட்கள் கரையில் நிற்பார்கள். முதலில் வருவது தண்ணீர் அல்ல. போன வருஷத்துக் கல்யாணங்கள்.

வயல்களில் வேறு சங்கடம். அறுவடை மெஷின் வந்த பிறகு வைக்கோல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வாரிக் கட்ட ஆளில்லை, மாடுமில்லை. கொளுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கம் நாற்றம், இன்னொரு பக்கம் புகை. நடுவில் நான், கட்டடக் கலை சொல்லிக்கொடுத்துக்கொண்டு.

இலையையும் வைக்கோலையும் சேர்த்தால் எரு. இது யாருக்கும் தெரியும். ஆனால் பெரிய அளவில், உயரமாகக் குவித்தால்தான் குப்பைக்குச் சூடு பிடிக்கும். சூடு பிடித்தால்தான் புழு வராது, வாடை வராது. அதற்கு ஒரு பெரிய வட்டத் தொட்டி வேண்டும். அடியில் காற்று போகக் குழாய்கள், வடியும் சாற்றைப் பிடித்து மறுபடி மேலே தெளிக்க ஒரு சின்னக் குழாய். இதுவரை சுலபம். சுவர்தான் பிரச்சினை. அந்தச் சாறு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். கம்பி இல்லாவிட்டால் சூட்டில் சுவர் பிளந்துவிடும்.

மீன் வாடை அடிக்கும் சுவர்

முதலில் கம்பிக்குப் பதில் தேங்காய் நாரைக் கலவையில் போட்டுப் பார்த்தேன். கொல்லையில் சின்னதாக ஒரு தொட்டி கட்டினேன். சிமெண்டு நாரைத் தின்றுவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் சுவர் அப்பளம் மாதிரி ஆனது. செல்வம் அதில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தபோது பாதி சுவர் அவரோடு போனது. அடி ஒன்றுமில்லை. போனில் இருந்தவர் மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு விபத்துக் காப்பீடும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

விடை மல்லிப்பட்டினத்தில் கிடைத்தது. மீன் வாங்கப் போயிருந்தோம். கடற்கரையில் கிழிந்த நைலான் வலைகள் குவிந்து கிடந்தன. உப்பில் கிடந்தும், வெயிலில் காய்ந்தும் மக்காமல் கிடக்கும் சாமான். இரண்டு மூட்டை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லக்கேஜ் மூட்டைக்குப் போடவா, வாடைக்குப் போடவா?"

வலையை அலசி, காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, கலவையில் கலந்து சுவர் எழுப்பினேன். கொத்தனாருக்குத் தலையெல்லாம் நைலான் இழை. அவர் மனைவி வீட்டில் என்ன நினைத்தாரோ. சுவர் காய்ந்த பிறகு தெருப் பூனைகள் எல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தன.

சம்மட்டியால் அடித்துப் பார்த்தோம். விரிசல் விட்டது, விழவில்லை. இன்னும் அடித்தோம். இன்னும் விரிசல். இழைகள் பிடித்துக்கொண்டே இருந்தன.

செல்வம் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "நம்ம குடும்பம் மாதிரியே இருக்கு" என்றார்.

இதைக் கட்டுரையாக எழுதி ஒரு கருத்தரங்கில் படித்தேன். கேட்டுவிட்டு ஒரு பேராசிரியர் எழுந்தார். "இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?" இன்னும் வைக்கவில்லை என்றேன். "பெயர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பு ஆகும்? நீங்கள் ஏன் கார்பன் இழை போட்டுப் பார்க்கக் கூடாது?"

"அது நம்ம பக்கம் எங்க சார் கிடைக்கும்?"

"கிடைக்காது. ஆனால் அதுதான் லேட்டஸ்ட்."

அத்துடன் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. தலைவாழை இலை. அது எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

தலைவரும் தலைவரம்மாவும்

எங்கள் பேரூராட்சித் தலைவர் ராஜேஸ்வரி. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால் நின்றார், ஜெயித்தார், தலைவரும் ஆனார். நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பம், பத்தாவது வரை படிப்பு. அவர் கணவர் பாலுவுக்கு ஒரு பதவியும் கிடையாது. ஆகவே ஊரில் எல்லோரும் அவரைத் 'தலைவர்' என்று கூப்பிட்டார்கள். ராஜேஸ்வரியைத் 'தலைவரம்மா' என்றார்கள், தலைவருடைய சம்சாரம் என்ற அர்த்தத்தில். கூட்டம் நடக்கும்போது தலைவர் நாற்காலியில் ராஜேஸ்வரி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாலு பேசுவார்.

நான் தொட்டி கட்டக் கேட்டு அலுவலகம் போனபோதும் அப்படித்தான். பாலு கேட்டார், பாலு தலையாட்டினார், பாலு செயல் அலுவலரைப் பார்த்தார். செயல் அலுவலரை ஊரில் ஈ.ஓ. என்போம். ராஜேஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வாடை நிஜமா நின்னுருமா டீச்சர்?"

"அவங்க சொல்றாங்கல்ல, நிக்கும்" என்று பாலு பதில் சொன்னார், என் சார்பிலும்.

நிதி வந்துவிட்டது என்று ஈ.ஓ. சொன்னார். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் கட்டினோம். ஐப்பசி மழையில் தார்ப்பாய் போர்த்திக் காய வைத்தோம். கார்த்திகையில் நிரப்பினோம். நிரப்பிய வாரத்திலேயே சூடு ஏறியது. வாடை நின்றது. மண்டபத்துக்குப் பின்னால் முதல் தடவையாக மழை பெய்த மண்ணின் வாசனையை நுகர்ந்தேன். செல்வம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, திறந்ததை மறந்தே போனார். வேறு பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் அந்த மார்கழிக் காலை, அந்த நீல எழுத்து.

தொட்டி தொட்டிதானே

நேரே ஈ.ஓ.விடம் போனேன். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசாதவர். அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

"எருக் கிடங்குக்கு இந்த வருஷம் நிதித் தலைப்பு இல்ல மேடம். குடிநீர்த் தொட்டிக்கு இருந்துச்சு. தொட்டி தொட்டிதானே?"

"அதுல குப்பை இருக்கு சார்."

"உள்ள என்ன இருக்குன்னு பில்லுல கேக்க மாட்டாங்க. வெளிய எழுதியிருக்கணும், அவ்வளவுதான். தையில திறப்பு விழா."

"எதைத் திறப்பீங்க?"

"குழாயை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலு விளக்கமாகச் சொன்னார். சாறு வடிய நான் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டுப் பளபளவென்று ஸ்டீல் குழாய் மாட்டியாகிவிட்டது. விழா அன்று தண்ணீர் லாரியைத் தொட்டிக்குப் பின்னால் நிறுத்தி, ஹோஸை அந்தக் குழாயில் இணைத்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் திறப்பார். தண்ணீர் வரும். கைதட்டல். லாரி போய்விடும்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாப்பாடுதான்."

அந்த வாரம் முழுவதும் அலுவலகத்துக்கு நடந்தேன். "விழா முடியட்டும் மேடம்" என்ற ஒரே பதிலை ஈ.ஓ. வெவ்வேறு ராகத்தில் சொன்னார்.

பொங்கலுக்கு முன் ஒரு சாயங்காலம் நான் தொட்டிக்குச் சாறு தெளிக்கப் போயிருந்தபோது ராஜேஸ்வரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தனியாக. பாலு இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏறிப் பாக்கலாமா டீச்சர்?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஆவிக்கு மேல் கையை நீட்டினார். "சோறு வடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. கீழே இறங்கி வந்து அந்த ஸ்டீல் குழாயைப் பார்த்தார்.

"அன்னைக்கு லாரித் தண்ணி வரும். மறுநாள் தொறந்தா?"

நான் திறந்து காட்டினேன். தேநீர் நிறத்தில் சாறு வந்தது. உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார்.

"பானகம் மாதிரி இருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ளைங்க இந்த வழியாத்தான் போவுதுங்க." கையைத் துடைக்காமலே என் பக்கம் திரும்பினார். "குடிச்சா என்னாகும்?"

"வாந்தி, பேதி. சின்னப் புள்ளைங்கன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

"நீங்க ஈ.ஓ. சார்கிட்ட சொன்னீங்களா?"

"வாரம் பூரா சொன்னேன்."

"அவரும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணா உட்கார்ந்து பேசுனா, ரெண்டு பேருக்கும் காது கேக்காது" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளி டம்ளர்

விழாவுக்குப் போகப் போவதில்லை என்று வீட்டில் சொன்னேன்.

"நீ போகலன்னா உன் தொட்டிக்கு வேற யாராவது அப்பா ஆயிடுவாங்க" என்றார் செல்வம்.

போனேன். கைப்பையில் ஒரு பைப் ரெஞ்சு வைத்துக்கொண்டேன். கூட்டம் கலைந்ததும் குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு. அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

பந்தல், சாமியானா, நாற்காலிகள், சால்வைகள். முன்வரிசையில் கீழத்தெருப் பெண்கள் கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்களோடு. அவர்கள் தெருவுக்கு உண்மையிலேயே தண்ணீர் வருவதில்லை. விழாவுக்கு அழகு சேர்க்க அழைத்து வந்திருந்தார்கள். அவர்களோ தண்ணீருக்காக வந்திருந்தார்கள்.

சிறப்பு விருந்தினரின் பெயர் வேண்டாம், பதவியும் வேண்டாம். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி என்றால் போதும். தாமதமாக வந்தார். பாலு தலைவரின் சார்பில் வரவேற்றார், தலைவரின் சார்பில் சால்வை போட்டார், தலைவரின் சார்பில் பெருமைப்பட்டார். விருந்தினர் குழாயைத் திறந்தார். தெள்ளத் தெளிவாகத் தண்ணீர் கொட்டியது. கைதட்டல். ஒரு வெள்ளி டம்ளரில் பிடித்து ராஜேஸ்வரியிடம் நீட்டினார்.

"முதல்ல தலைவரம்மா குடிக்கட்டும். குடிச்சிட்டு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லட்டும்."

ராஜேஸ்வரி டம்ளரை வாங்கி மேஜை மேல் வைத்தார். மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இது லாரித் தண்ணி. லாரி பின்னாடி நிக்குது. தொட்டியில தண்ணி இல்ல, குப்பை இருக்கு. நம்ம மண்டபத்து இலை. எருவா ஆயிட்டிருக்கு, நல்ல எரு. நாளையிலேர்ந்து இந்தக் குழாயில வர்றத யாரும் குடிக்காதீங்க. புள்ளைங்களக் குடிக்க விடாதீங்க. நன்றி."

உட்கார்ந்துவிட்டார்.

ஈ.ஓ. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலு மைக்கை நோக்கிப் பாதி எழுந்து, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றார். முன்வரிசையில் ஒரு பெண் குடத்தைத் தரையில் டொக்கென்று வைத்தார்.

"அப்ப எங்களுக்குத் தண்ணி எப்ப வரும்?"

விருந்தினர் வெள்ளி டம்ளரைப் பார்த்தார். தொட்டி மேல் எழுந்த ஆவியைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார். அந்த மனிதர் ஏன் அவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"சகோதரி இந்த உண்மையைத் துணிச்சலாகச் சொல்கிறாரா என்று பார்க்கத்தான் நான் இங்கே வந்தேன்!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. அதன் பிறகு தூய்மையைப் பற்றி வெகுநேரம் பேசினார். எதுவும் நினைவில் இல்லை.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நான் எழுந்து போய், லாரித் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ரெஞ்சை எடுத்துக் குழாயைக் கழற்றத் தொடங்கினேன். ஒரு போட்டோகிராபர் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து ஓடி வந்தார். போட்டோகிராபரைப் பார்த்து விருந்தினர் வந்தார். ரெஞ்சின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரித்தார். குழாய் கழன்று கையோடு வந்தது. மிச்சமிருந்த சாறு கொஞ்சம் அந்த வெள்ளை வேட்டியில் தெறித்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

குப்பையிலிருந்து குடிநீர்

மறுநாள் ஒரு செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. மேலே தலைப்பு: 'குப்பையிலிருந்து குடிநீர் தயாரித்துப் பெண் பேராசிரியர் சாதனை.'

தொலைபேசி ஓயவில்லை. வறண்ட சீமையிலிருந்து ஒரு பஞ்சாயத்துக்காரர் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு ஆவல். "எங்க ஊர்ல குப்பை நெறைய இருக்குங்க. தண்ணிதான் இல்ல." அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது. மறுப்புச் செய்தி எழுதி அனுப்பினேன். போட்டார்கள்: 'தொட்டியில் இருப்பது குடிநீர் அல்ல, குப்பை நீர்.' அத்துடன் விட்டுவிட்டேன். வெளியூரில் இன்றைக்கும் நான் குப்பையைப் பிழிந்து தண்ணீர் எடுத்தவள்தான். நைலான் வலையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பங்குனியில் தொட்டியைத் திறந்தோம். எரு கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. பழைய பண்ணை வீட்டுக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "எந்தெந்தக் கல்யாணத்து இலை இதுல இருக்கு?" என்று கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. எல்லாக் கல்யாணமும்தான் என்றேன். வேண்டாமென்று போய்விட்டார். ஒரு வாரம் கழித்து அவருடைய டிராக்டர் வந்தது. அவர் வரவில்லை.

ராஜேஸ்வரியின் வீட்டில் பாலு கொஞ்ச காலம் பேசவில்லை. "நிம்மதியா இருந்துச்சு" என்று ராஜேஸ்வரி பிறகு சொன்னார். ஸ்டூல் அலுவலகத்திலிருந்து போய்விட்டது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

தணிக்கைக்கு வந்தவர்கள் குடிநீர்த் தொட்டி எங்கே என்று கேட்டார்கள். ஈ.ஓ. வியர்த்துப்போனார். "கட்டிட்டிருக்கோம்" என்றார் ராஜேஸ்வரி. சொன்ன பிறகு கட்ட வேண்டியதாயிற்று. கீழத்தெருவில், என் வலைக் கான்கிரீட்டிலேயே, உட்புறம் சுத்தமான சிமெண்டுப் பூச்சோடு கட்டினோம். பணம்? வருஷம் மாறியிருந்தது. இப்போது குடிநீருக்கு நிதித் தலைப்பு இல்லை. எருக் கிடங்குக்கு வந்துவிட்டது. ஆகவே காகிதத்தின்படி எங்கள் ஊர் குடிநீர்த் தொட்டியில் எரு தயாரித்து, எருக் கிடங்கிலிருந்து தண்ணீர் குடிக்கிறது. இரண்டுமே நன்றாக இருக்கின்றன.

கீழத்தெருத் தொட்டிக்கு விழா இல்லை. ஒரு சாதாரணக் காலையில் தண்ணீர் விட்டார்கள். பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சண்டை போட ஆரம்பித்தார்கள், யார் முதலில் என்று. ராஜேஸ்வரியும் நானும் தள்ளி நின்று பார்த்தோம்.

வெகுநாளாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டேன். "அன்னைக்கு மேடையில அவ்வளவு பேருக்கு முன்னாடி பேச உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான் டீச்சர்" என்றார் ராஜேஸ்வரி. "அதான் சீக்கிரமா சொல்லிட்டேன்."